பூங்கொடியின் பதினாறு புள்ளிகள்

எம்.ஃபில். படிப்பையே நிறுத்தியாகிவிட்டது. அதை முன்னிட்டு எங்கள் இயற்பியல் துறையில் ஒரு சிறு மலர் போடப்போகிறார்களாம். "மேடம், நீங்க எத்தனையோ வைவாவுல உக்காந்திருப்பீங்க. மறக்க முடியாத ஒண்ணைப் பத்தி எழுதிக் குடுங்க. மூணு பக்கம் போதும்" என்று இப்போதைய துறைத் தலைவர் போனில் கேட்டார். மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாதவள் நான் என்பது அவருக்குத் தெரியும், என்னிடம் படித்தவர்தான். தெரிந்தே கேட்டிருக்கிறார், அனுபவிக்கட்டும்.

எம்.ஃபில். வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு, பெரும்பாலும் ஒரு சடங்கு. வெளியூர்க் கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருவார், எக்ஸ்டர்னல் என்போம். பொன்னாடை, பூங்கொத்து, போண்டா. ஆய்வு செய்தவர் இருபது நிமிடம் பேசுவார். நாலு கேள்வி, கைதட்டல், கையெழுத்து. முதல் கேள்வி கேட்கும் முன்பே ஸ்வீட் டப்பா வந்து பீரோ மேல் உட்கார்ந்திருக்கும். முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு வைவாதான் சடங்காக முடியவில்லை. அது பூங்கொடியின் வைவா. நாம் இடம், நேரம் என்று சொல்லும் இரண்டும் உலகத்தின் அடித்தளமா, அல்லது அதற்கும் அடியில் இருக்கிற வேறொன்றின் விளைவா என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். நான் அவளுடைய வழிகாட்டி.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிறந்தது திண்டிவனம். அப்பா கொத்தனார். சென்னையில் விடுதியில் தங்கி எம்.எஸ்சி. முடித்தேன், விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது, ஓய்வு பெறும்வரை திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். அவ்வளவுதான். சொல்ல வேண்டியது தரணேந்திரன் சாரைப் பற்றி.

அவர் அப்போது துறைத் தலைவர். பூர்வீகம் மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணக் குடும்பம். குடியிருந்தது திண்டிவனத்தில். ஒல்லியான மனிதர். சிவப்பு மையைக் கையால் தொட மாட்டார். எதைத் திருத்தினாலும் பென்சிலால்தான் திருத்துவார். "நான் தப்புன்னா நீங்க அழிச்சிக்கலாம் பாருங்க" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாணவர்களுக்கு மாதிரியாக வைக்க ஊசல் பரிசோதனை ஒன்றை எடுத்து எழுதினேன். ஈர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு வர வேண்டும். எனக்கு ஒன்பது புள்ளி ஆறுதான் வந்தது. மாணவர்கள் செய்கிற வேலையை நானும் செய்தேன். இரண்டு ரீடிங்கைக் கொஞ்சம் மாற்றி எட்டாக்கினேன். சார் நோட்டைப் பார்த்தார். ஐந்தாவது ரீடிங்குக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தார்.

"இது எங்கேருந்து வந்துச்சும்மா?"

"எடுத்ததுதான் சார்" என்றேன், காது சூடாக.

அவர் திட்டவில்லை. நிறுத்துக் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வந்து, "வாங்க, இன்னொரு தரம் எடுப்போம்" என்றார். ஒரு மணி நேரம் என்னுடன் நின்று அலைவுகளை எண்ணினார். மறுபடியும் ஒன்பது புள்ளி ஆறு. ஊசல் தொங்கும் பிடியைத் தொட்டுப் பார்த்தார். திருகு தளர்ந்து ஆடியது. "தப்பா வந்ததாலதான் இது லூசுன்னு தெரிஞ்சுது. எட்டுன்னு எழுதிட்டிருந்தா இது லூசாவே இருந்திருக்கும்" என்றார். அன்றைக்குப் பிறகு நான் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அன்றுதான்.

இன்னொரு பழக்கமும் சொல்ல வேண்டும். சூரியன் மறைந்த பிறகு சார் சாப்பிட மாட்டார். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அது அவர்கள் வீட்டு விரதம். சாயங்காலம் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிடும் என்பதால் ராத்திரிச் சாப்பாட்டையும் டிபன் கேரியரில் கொண்டுவந்து, ஐந்தேகால் மணிக்குத் துறையிலேயே சாப்பிட்டுவிடுவார். அஸ்தமன நேரத்தை வாரா வாரம் காலண்டரில் பார்த்து டைரியில் நிமிடக் கணக்காக எழுதி வைத்திருப்பார். அந்தப் பத்து நிமிடம் கல்லூரி முதல்வரே கூப்பிட்டாலும் நாங்கள் "சார் ஒரு வேலையா இருக்காரு" என்று சொல்லிவிடுவோம்.

இடம், நேரம் பற்றிய இந்தச் சங்கதி எனக்கு வந்தது சென்னையில் ஒரு புத்தொளிப் பயிற்சியில். அங்கே ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். ஒரு பொருளை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமோ, அவ்வளவு அதிக ஆற்றலை அந்தச் சின்ன இடத்தில் செலுத்த வேண்டும். ஓர் அளவுக்கு மேல் திணித்தால் அந்த இடமே கருந்துளையாகி மூடிக்கொள்ளும். ஆகவே அதற்குக் கீழே தூரம் என்பதற்கு அளந்து காட்டும்படியான அர்த்தமே இல்லை. நேரத்தின் கதி இன்னும் பரிதாபம். குவாண்டம் கொள்கையையும் ஈர்ப்புக் கொள்கையையும் சேர்த்து எழுதிப்பார்த்த ஒரு சமன்பாட்டில் நேரத்தைக் குறிக்கும் எழுத்தே காணாமல் போய்விடுகிறது. அதனால் இடமும் நேரமும் அடியில் கிடக்கிறவை அல்ல, துகள்களுக்கு இடையிலுள்ள ஏதோ உறவுகள் சேர்ந்து மேலே அப்படித் தோன்றுகின்றன என்று பலர் சந்தேகிக்கிறார்கள். சந்தேகம்தான், இன்றுவரை யாரும் முடித்துவைக்கவில்லை. நான் பித்துப்பிடித்தவள் மாதிரி திரும்பி வந்தேன். மறுநாள் பஸ்ஸில் சாரிடம் மூச்சு விடாமல் சொன்னேன்.

முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப விழுப்புரத்துக்கு டிக்கெட் எடுக்கணுமா வேணாமா?" என்றார்.

பூங்கொடி வந்தது அதற்கடுத்த வருடம். கெடார் பக்கம். அப்பா இல்லை. அம்மா அஞ்சலை அடுத்தவர் நிலத்தில் களை எடுத்து, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிப் படிக்கவைத்தவர். பூங்கொடி ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதி நேரமாக எம்.ஃபில்.லில் சேர்ந்தாள். முடித்தால் எங்கள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக வர வாய்ப்பு இருந்தது. ஆனால் நடுவில் பிரசவம், பிறகு அம்மாவுக்குக் கால் முறிவு என்று இரண்டு தடவை கால நீட்டிப்பு வாங்கிவிட்டாள். மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. அந்த மாதக் கடைசிக்குள் வைவா முடியவில்லை என்றால் பதிவே ரத்து; செய்ததெல்லாம் வீண்.

அவளுடைய ஆய்வு இதுதான். பதினாறு குவாண்டம் துகள்கள். கணினிக்குள் மட்டும் இருக்கிறவை. ஒவ்வொன்றும் வேறு இரண்டோடு பிணைந்திருக்கும். அப்படியே போனால் வளையம். எது எங்கே இருக்கிறது என்று கணினியிடம் சொல்லக் கூடாது. ஒரு துகளைப் பற்றித் தெரிந்தால் இன்னொன்றைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பதை மட்டும் கணக்கிட வேண்டும். அதிகம் தெரிந்தால் பக்கம், குறைவாகத் தெரிந்தால் தூரம். அந்த உறவுகளை மட்டும் வைத்துக் கணினி ஒரு வரைபடம் போட்டால், வளையம் தானாக வருகிறதா என்று பார்ப்பது. அவளுக்கு வந்தது, அழகாக.

தலைப்புக்கு ஒப்புதல் கையெழுத்து சார்தான் போட வேண்டும். எனக்குப் பயம். அவர்கள் சமயத்தில் உலகம் ஆறு திரவியங்களால் ஆனது. அதில் ஆகாசமும் காலமும், அதாவது இடமும் நேரமும், இரண்டு. சார் அதை விளையாட்டாக நம்புகிறவர் அல்ல. விண்ணப்பத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஆறுல ரெண்டை எடுத்துடுங்கறா இந்தப் பொண்ணு. என் மீதி நாலாவது நிக்குமா?" என்றார். பிறகு பேனாவை எடுத்தார். "நான் நம்புறது என்னோட இருக்கட்டும்மா. கணக்கு எங்க போவுதோ அங்க நாம போவணும். அது என் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போனாலும் போவணும்." கையெழுத்துப் போட்டார்.

வைவா அன்று மதியம் இரண்டு மணி. எக்ஸ்டர்னல் தெற்கேயிருந்து ரயிலில் வந்திருந்தார். படிகம் வளர்ப்பதில் பேர்பெற்றவர். கறார் பேர்வழி என்று கேள்வி. அஞ்சலை அம்மா வராந்தா பெஞ்சில், புதுப்புடவையில், மடியில் ஒரு தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

பூங்கொடி நன்றாகவே பேசினாள். எக்ஸ்டர்னல் முதலில் நாற்காலியின் கையைத் தட்டினார்.

"அம்மா, நான் இந்த இடத்துல உக்காந்திருக்கேன். இடம் அடிப்படை இல்லைன்னா, நான் உக்காந்திருக்கறது பொய்யா?"

"பொய் இல்ல சார்" என்றாள் பூங்கொடி. பதற்றத்தில் வகுப்புத் தமிழ் போய் ஊர்த்தமிழ் வந்துவிட்டது. "களத்துல மல்லாட்டையைக் கொட்டி வச்சிக்கினு இருப்பாங்க சார். குவியலுக்கு ஒரு சரிவு இருக்கும். அந்தச் சரிவு நெஜம். ஏறுனா சறுக்கிவுடும். ஆனா ஒரு மல்லாட்டையைக் கையில எடுத்துப் பாருங்க. அதுல சரிவு எங்க இருக்குது? இடமும் அந்த மாதிரி இருக்கலாம்னுதான் சார் சொல்றாங்க."

அவர் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி, பின்னிணைப்பில் இருந்த கணினி நிரலை எடுத்தார். அதை யாரும் படிப்பதில்லை. அவர் படித்துவிட்டு வந்திருந்தார்.

"இந்த வரி என்ன செய்யுது? வரைபடம் போடறதுக்கு முன்னாடி பதினாறு புள்ளியையும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வட்டமா அடுக்கி வச்சுட்டுத்தானே ஆரம்பிக்கறீங்க?"

நான் எட்டிப் பார்த்தேன். ஆமாம். வரைபடம் எங்கிருந்தாவது ஆரம்பிக்க வேண்டுமே என்று, துகள்களின் எண் வரிசையிலேயே அவற்றை வளையமாக வைத்து ஆரம்பித்திருந்தாள். வளையத்தை உள்ளே வைத்துவிட்டு, வளையம் வந்தது என்று சொல்லியிருக்கிறோம். எட்டு மாதம் அந்த நிரலைப் பார்த்த வழிகாட்டி நான். என் கண்ணில் படவில்லை. வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசிப்போனது.

"இதை நான் ஒத்துக்க முடியாது" என்று எக்ஸ்டர்னல் ஆய்வேட்டை மூடினார். கோபமாகச் சொல்லவில்லை. அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது.

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த சார் எழுந்து போய், பீரோவிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்தார். செய்முறைத் தேர்வில் யாருக்கு எந்தப் பரிசோதனை என்று மாணவர்கள் குலுக்கி எடுக்கும் எண் சீட்டுகள் அதில் இருந்தன.

"சார், நீங்க சொல்றது சரி. ஆனா வளையம் அவ வச்சதால வந்துச்சா, தானா வந்துச்சான்னு நமக்கு இன்னும் தெரியாது. பாத்துடலாமா? பதினாறு சீட்டை நீங்களே குலுக்கி எடுங்க. எந்த வரிசை வருதோ, அந்த வரிசையில பிணைப்பை நீங்களே கம்ப்யூட்டர்ல போடுங்க. பொண்ணு வெளிய இருக்கட்டும். ஆரம்பப் புள்ளிங்களைக் கன்னாபின்னான்னு சிதறி வச்சுடுவோம். படம் வந்ததும் அவளைக் கூப்பிட்டு வரிசையைச் சொல்லச் சொல்லுங்க. தப்பா சொன்னா நானே ஃபெயில்னு எழுதறேன்."

எக்ஸ்டர்னல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணிக்கு அவருக்கு ரயில். "எவ்வளவு நேரம் ஆகும்?"

"எங்க கம்ப்யூட்டருக்கு ஒண்ணரை மணி நேரம் ஆவும்."

அவர் சம்மதித்ததை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, வரிசையை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டாம் மாடியிலுள்ள கணினி அறைக்குப் போய் ஒற்றை விரலால் பிணைப்புகளைத் தட்டினார். மூன்றே முக்காலுக்குக் கணக்கு ஓட ஆரம்பித்தது. நாலரைக்குக் கரண்ட் போயிற்று. பேட்டரி ஐந்து நிமிடம் தாங்கியது, பிறகு அதுவும் போயிற்று.

கரண்ட் வந்தபோது ஐந்து மணி. முதலிலிருந்து மறுபடியும். நான் சாரைப் பார்த்தேன். அவருடைய டைரிப்படி அன்றைக்கு அஸ்தமனம் ஐந்து ஐம்பதுக்கு.

"சார், நீங்க கீழ போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. பத்து நிமிஷம்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"நீங்க வழிகாட்டி. அவரு வெளியூரு. நான் எழுந்து போனா, அந்த நேரத்துல ஏதோ நடந்துச்சுன்னு நாளைக்கு ஒருத்தன் அந்தப் பொண்ணு மேல சொல்லுவான். நான் இருக்கணும்மா."

"கேரியரை இங்க கொண்டாரட்டுமா?"

அவர் சுவரைக் காட்டினார். கணினி அறையில் உணவுப் பொருளோ தண்ணீரோ கொண்டுவரக் கூடாது என்று அவரே எழுதி ஒட்டிய அறிவிப்பு. எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. இவ்வளவு விறைப்பு ஒரு மனுஷனுக்கு ஆகாது என்று மனதுக்குள் திட்டினேன். அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகி, சிவந்து, மங்கியது. ஐந்து ஐம்பது ஆனபோது அவர் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலைவரை அவருக்கு இனிச் சாப்பாடு இல்லை.

எக்ஸ்டர்னலுக்கு விஷயத்தைச் சொன்னேன். சங்கடப்பட்டுப்போனார். "சார், நேரமே அடிப்படை இல்லைங்கற ஆராய்ச்சிக்குத்தானே காவல் இருக்கீங்க. சாப்பிட்டா என்ன?" என்று கிண்டலும் கெஞ்சலுமாகக் கேட்டார்.

"அவங்க இன்னும் முடிவா சொல்லலையே சார். சொல்லட்டும், அப்புறம் சாப்பிடறேன்" என்றார் சார்.

நான் வராந்தாவுக்கு வந்தேன். பூங்கொடி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அஞ்சலை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, பாசா ஃபெயிலான்னு ஜல்தி சொல்லிடுங்கம்மா. பேஜாரா இருக்குது. மத்தியானத்துலேருந்து இது வாயே தொறக்காம உக்காந்துக்கினு இருக்குது." நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஆறரைக்குக் கணக்கு முடிந்தது. திரையில் புள்ளிகள் தாறுமாறாகக் கிடந்தன. பிறகு மெல்ல மெல்ல நகர்ந்து, ஒன்றையொன்று தள்ளி, இழுத்து, கொஞ்சம் நசுங்கிய ஒரு வளையமாக நின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் சீட்டு எண். பூங்கொடியைக் கூப்பிட்டோம். அவள் மேலே இருந்த புள்ளியில் ஆரம்பித்து வரிசையாகப் படித்தாள்: "பதினொண்ணு, நாலு, பதினாறு, ரெண்டு..."

எக்ஸ்டர்னல் தாளைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இல்லையே. எனக்கு ஒம்போதுல ஆரம்பிக்குது. பதினொண்ணுக்கு அடுத்தது நாலு இல்லை."

பூங்கொடியின் கை நாற்காலி முதுகைப் பிடித்தது. சார் மட்டும் பதறவில்லை. "வளையத்துக்கு ஏது சார் ஆரம்பம்? வலமா இடமான்னும் அதுக்குத் தெரியாது. நீங்க பதினொண்ணுலேருந்து பின்னாடி படிங்க."

எக்ஸ்டர்னல் விரலை வைத்துப் பின்னால் படித்தார். பதினொன்று. நாலு. பதினாறு. இரண்டு. ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டார். பதினாறு டிக். "அடேயப்பா" என்றார். நான் கைதட்டிவிட்டேன், அவ்வளவு பெரிய ஆசிரியை, சின்னப் பிள்ளை மாதிரி.

அவர் அறிக்கைப் படிவத்தை எடுத்து, பேனாவைத் திறந்தார்.

"சார், கையெழுத்துப் போடாதீங்க" என்றாள் பூங்கொடி.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் கையிலிருந்த நோட்டைத் திறந்தாள்.

"நீங்க மத்தியானம் சொன்னதுலேருந்து யோசிச்சிக்கினே இருந்தேன் சார். நெம்பர் வரிசையை எடுத்தாச்சு. சரி. ஆனா எது எதோட பிணைஞ்சிருக்குதுன்னு நான்தானே கொடுத்தேன்? மத்தியானம் நீங்க கொடுத்தீங்க, அவ்ளோதான் வித்தியாசம். வளையம் அதுலயே ஒளிஞ்சிக்கினு இருக்குது. இடம் சொல்லாமலே தூரத்தைக் கண்டுபுடிக்கலாம்னு வேணா சொல்லலாம். ஆனா இடமே இல்லாததுலேருந்து இடம் வந்துச்சுன்னு கடைசி அத்தியாயத்துல எழுதியிருக்கேன். அது தப்பு சார். அதை யாரும் இன்னும் காட்டல. நானும் காட்டல."

எக்ஸ்டர்னல் பேனாவைக் கீழே வைத்தார். "இதைச் சொன்னா உங்க பட்டம் என்ன ஆகும்னு தெரியுமாம்மா? கடைசி அத்தியாயத்தையே நீங்க தப்புங்கறீங்க."

"தெரியும் சார்" என்றாள். கண் கலங்கிவிட்டது, குரல் கலங்கவில்லை. "அம்மா வெளிய உக்காந்துக்கினு இருக்காங்க. இருந்தாலும் சொல்லாம இருக்க முடியல."

தரணேந்திரன் சார் எழுந்து நின்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் இருந்த மனுஷன். "சார், எனக்கு இடமும் காலமும் அடிப்படைதான். அது என் நம்பிக்கை. அதனால இவ சொல்றது எனக்குச் சாதகம். சாதகமா இருக்கறவன் பேசக் கூடாது. நீங்க முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மாதிரி ஒரு பேச்சை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

எக்ஸ்டர்னல் ஆய்வேட்டைத் திறந்து, கடைசி அத்தியாயத்தை அவள் பக்கம் நகர்த்தினார். இடமே இல்லாததிலிருந்து இடம் வந்தது என்று எழுதியிருந்த இரண்டு வரிகளைப் பூங்கொடி கோடு போட்டு அடித்தாள். இப்போது சொன்னதை அதன் கீழே தன் கையெழுத்தில் எழுதினாள். அவர் படித்துப் பார்த்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார். அவருடைய ஏழு மணி ரயில் ஜங்ஷனை விட்டுப் போகிற நேரம் அது. அவர் நிமிரவே இல்லை.

எழுதி முடித்து என்னிடம் நீட்டினார். பரிந்துரைக்கப்படுகிறது என்ற கட்டத்தில் டிக் இருந்தது. வராந்தாவுக்கு ஓட வேண்டும் என்று கால் பரபரத்தாலும் முழுவதையும் படித்தேன். அந்தப் படிவத்தில், ஆய்வின் குறைபாடுகளைத் தேர்வாளர் விவரமாக எழுத வேண்டும் என்று அரைப்பக்கம் விட்டிருப்பார்கள். அந்த அரைப்பக்கத்தில் அவர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "ஆய்வாளரே என்னிடம் சொல்லிவிட்டார், நான் சேர்க்க ஒன்றுமில்லை."